வாசகர் கேள்வி – பதில்: தேன்மெழுகுவத்தி காற்றைத் தூய்மையாக்குமா?

கேள்வி: கையால் செய்த தேன்மெழுகுவத்தியை ஏற்றினால் எதிர்மின் அயனிகள் (எதிர் மின்னூட்டம் கொண்ட நுண்துகள்கள்) வெளிப்பட்டு, அறையின் காற்று தூய்மையாகும் என்கிறார்கள். எங்கள் மகனுக்கு ஆஸ்துமா உள்ளது. வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு காரணத்துக்காக வாங்க வேண்டாம். எந்த மெழுகு எரிந்தாலும் அறையிலுள்ள ஆக்சிஜன் செலவாகி, கரியமில வாயுவும் நீராவியும் சிறிது புகைக்கரியும் உண்டாகும். தேன்மெழுகும் இதற்கு விலக்கல்ல. சுடருக்குள் அயனிகள் தோன்றுவது உண்மைதான் என்றாலும், நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சேர்ந்தே தோன்றிப் பெரும்பாலும் அங்கேயே ஒன்றோடொன்று இணைந்துவிடுவதால், அறையின் தூசியை அவை அகற்றும் என்பது விளம்பரப் பேச்சு மட்டுமே. மகன் உறங்கும் அறையில் எந்த மெழுகுவத்தியையும் ஏற்றாதீர்கள்.

இப்படிச் சொல்வதால் தேன்மெழுகுக்குச் சிறப்பே இல்லை என்று ஆகிவிடாது. இளம் வேலைக்காரத் தேனீக்களின் வயிற்றின் அடிப்புறத்தில் சுரந்து, தேனடையாக உருப்பெறும் இந்த மெழுகு, 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபினில் செய்யும் மெழுகுவத்திகள் பலவும் அதற்கு முன்பே உருகிவிடுகின்றன. எனவே தேன்மெழுகுவத்தி நிதானமாக எரியும். வெயில் காலத்தில் எளிதில் வளையாது. தேனின் மெல்லிய மணம் அதில் இயல்பாகவே இருப்பதால், செயற்கை வாசனைத் திரவியம் சேர்க்கத் தேவையில்லை. கடும் வாசனையால் தலைவலி வருபவர்களுக்கு, என் கணிப்பில், இதுவே பெரிய பயன். விலை கூடுதல் என்பதால் பாரஃபின் கலந்து விற்பதும் உண்டு. செய்பவரிடமே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வாங்கி வைத்த தேன்மெழுகுவத்தியின் மேல் வெண்மையாகப் படிந்துள்ளது. பூஞ்சையா?

பதில்: இல்லை. நாள்பட்ட தேன்மெழுகின் மேற்பரப்பில் இயல்பாகப் பூக்கும் படலம் அது. மென்மையான துணியால் தேய்த்தால் போய்விடும்.

கேள்வி: நானே வார்த்த மெழுகுவத்தியில் நடுப்பகுதி மட்டும் உருகிக் குழியாகி, சுடர் அணைந்துவிடுகிறது. என்ன பிழை?

பதில்: பெரும்பாலும் திரிதான் காரணம். உருகிய மெழுகைத் திரி உறிஞ்சி மேலேற்றினால்தான் சுடர் நிற்கும். தேன்மெழுகு பாரஃபினைவிடப் பிசுபிசுப்பானது. ஆகவே அதே பருமனுள்ள பாரஃபின் மெழுகுவத்திக்குப் போதுமான திரி இதற்குப் போதாது. பின்னிய பருத்தித் திரியில் இரண்டு மூன்று தடிமன்களை வாங்கி, ஒரே அச்சில் வார்த்து, எரித்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் வேறு குறுக்குவழி இல்லை. முதல்முறை ஏற்றும்போது, உருகிய மெழுகு விளிம்பை நெருங்கும்வரை, அதாவது விட்டத்தில் ஒவ்வோர் 2.5 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம், எரிய விடுங்கள். அவசரப்பட்டு அணைத்தால் அந்தக் குழியே நிலைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் திரியை 6 மில்லிமீட்டர் அளவுக்குக் கத்தரித்தால் புகை குறையும்.

மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள். 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் மங்கும். தவறித் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூடிவிடுங்கள்.