மாமா கொடுத்த பழைய எக்ஸ்100: விற்பதா, வைத்துப் படமெடுப்பதா?

கேள்வி: என் தாய்மாமா 2011இல் வாங்கிய ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100 கேமரா பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தது, இப்போது அதை என்னிடம் கொடுத்துவிட்டார். பழைய ஃபிலிம் கேமராவைப் போன்ற அதன் தோற்றம் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஃபோகஸ் ஆவதற்கு நேரம் பிடிக்கிறது. வெயிலில் எடுக்கும் படங்கள் பல வெளுத்துவிடுகின்றன. அருகில் இருப்பவரைப் படமெடுத்தால் வியூஃபைண்டரில் பார்த்தபடி படம் அமைவதில்லை. பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இதை விற்றுவிட்டுப் புதிய மாடலோ பழைய லைக்கா டிஜிட்டல் கேமராவோ வாங்குவது நல்லதா, இதையே வைத்துப் பழகுவது நல்லதா?

பதில்: கீழே சொல்லும் சோதனையைச் செய்து பார்க்கும் வரையிலாவது விற்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளில், படம் வெளுப்பது ஒன்றுதான் உண்மையான பழுதாக இருக்கக்கூடியது. பேட்டரி மாற்றக்கூடிய பொருள். மற்ற இரண்டும் இந்தக் கேமராவின் பிறவிக் குணங்கள்; அவற்றுக்கேற்ப ஒருமுறை அமைத்துக்கொண்டால் பிறகு அவை உங்களைத் தடுக்கமாட்டா.

2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் அறிவிக்கப்பட்டு, 2011 மார்ச்சில் விற்பனைக்கு வந்த கேமரா இது. 12.3 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரும், கழற்ற முடியாத 23 மி.மீ. எஃப்/2 லென்ஸும் இதில் உள்ளன. பழைய ஃபிலிம் அளவுள்ள முழுச்சட்டக சென்சாரின் கணக்கில் அது 35 மி.மீ. லென்ஸின் பார்வைக்கோணத்தைத் தருகிறது. ஆனால் அன்று பலரை ஈர்த்தது இந்த எண்களல்ல. ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்திலும், ஷட்டர் வேகத்தை மேல்தகட்டில் உள்ள டயலிலும் வைத்திருந்ததால், கேமராவை இயக்காமலே அது எந்த அமைப்பில் இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. பழைய வடிவில் வரும் கேமராக்கள் பலவற்றில் அந்த வடிவம் வெறும் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. எக்ஸ்100இல் அது வேலை செய்கிறது என்பதே என் கணிப்பு. எனவே மெனுவுக்குள் நுழைய வேண்டிய தேவையை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவுக்கு இந்தக் கேமரா உங்களுக்கு இன்பம் தரும். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்த நோக்கில் அமைந்தவை.

முதலில் வெளுக்கும் படங்களைப் பார்ப்போம். இந்த மாடலின் முதல் தலைமுறையில் அப்பர்ச்சரின் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும் பழுது பரவலாக அறியப்பட்ட ஒன்று. நீங்கள் எஃப்/8 என்று வைத்தாலும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்க வேண்டும்) இதழ்கள் விரிந்தபடியே நின்றுவிடுவதால், தேவைக்கு மிகுதியான வெளிச்சம் சென்சாரில் விழுந்து படம் வெள்ளையாகிவிடும். இதைக் கண்டறியக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நிழலான ஓர் இடத்தில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 200, ஷட்டர் 1/125 வினாடி என்று இரண்டையும் நிலையாக வைத்துக்கொண்டு, எஃப்/2, எஃப்/4, எஃப்/8, எஃப்/16 என்ற நான்கு நிலைகளிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதைவிட நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே பெற்று இருண்டுகொண்டே போக வேண்டும். எஃப்/8, எஃப்/16 படங்களும் எஃப்/2 படத்தைப் போலவே வெளிச்சமாக இருந்தால் இதழ்கள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். பழுது விட்டுவிட்டு வரக்கூடியதாகையால், கேமரா குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் சிறிது நேரம் வெயிலில் பயன்படுத்திய பின் ஒருமுறையும் இதைச் செய்து பாருங்கள். உத்தரவாதம் இருந்த காலத்தில் நிறுவனம் லென்ஸ் தொகுதியையே மாற்றிக் கொடுத்தது. இன்று அதே வேலையைச் செய்யக் கேட்கும் கூலி கேமராவின் சந்தை விலையைத் தாண்டக்கூடும் என்பதால், திறந்து பார்க்கச் சம்மதிக்கும் முன்பே மொத்தச் செலவைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோதனையில் கேமரா தேறிவிட்டால், வெளுப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஷட்டராகத்தான் இருக்கும். எக்ஸ்100இன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே அமைந்த இதழ் ஷட்டர். ஓசையே இல்லாததுபோல் இயங்குவது அதன் சிறப்பு. ஆனால் துளை அகலமாக இருக்கும்போது அது முழு வேகத்தில் மூட முடியாது. எஃப்/2 இல் அதிகபட்சம் 1/1000 வினாடி, எஃப்/4 இல் 1/2000, எஃப்/8 இல்தான் 1/4000. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200க்கு எஃப்/16 வைத்தால் ஏறத்தாழ 1/250 வினாடி சரியான எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குச் சரியான வெளிச்ச அளவு. அதே வெயிலில் எஃப்/2க்குத் திறந்தால் 1/16000 வினாடி தேவைப்படும். கேமராவோ 1/1000இல் நின்றுவிடும். படம் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இருமடங்கு) மிகுதியாக வெளிச்சம் பெறும்போது வெளுக்காமல் என்ன செய்யும்? பின்புலம் மங்கலாக வேண்டும் என்பதற்காக எப்போதும் எஃப்/2 இலேயே வளையத்தை வைத்திருக்கும் புதியவர்கள் அனைவருக்கும் இது நேர்கிறது.

இதற்கு வழியும் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக, அதாவது மூன்று ஸ்டாப், குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று லென்ஸினுள் அமைந்துள்ளது. மெனுவில் அதை இயக்கினால் எஃப்/2.8 இல் 1/1000 போதுமானதாகிவிடும். ஃபில்டர் இல்லாமல் எடுப்பதானால் வெயிலில் எஃப்/5.6 அல்லது அதற்கும் சிறிய துளையை வைத்துக்கொள்ளுங்கள். மேல்தகட்டில் உள்ள எஃப்என் பொத்தானுக்குப் பலரும் ஐஎஸ்ஓவை ஒதுக்குவார்கள். நான் என்டி ஃபில்டரை ஒதுக்கச் சொல்வேன். ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக்கி, உச்ச வரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று ஒருமுறை அமைத்துவிட்டால் அதைத் தொடவே வேண்டியதில்லை. ஃபில்டரோ வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறித் தேவைப்படும்.

இன்னும் இரண்டு சிறு காரணங்கள் உண்டு. டைனமிக் ரேஞ்ச் அமைப்பு 400 விழுக்காட்டில் இருந்தால் கேமரா ஐஎஸ்ஓவை 800க்குக் குறைய விடாது. 200 விழுக்காட்டில் இருந்தால் 400க்குக் குறைய விடாது. வானத்தின் விவரத்தைக் காப்பாற்ற வந்த அந்த வசதியே, அகலத் துளையோடு சேரும்போது ஷட்டரை அதன் எல்லைக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்தது, வலது மூலையில் இருக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய் டயல். பையிலிருந்து எடுக்கும்போது உரசியே அது நகர்ந்துவிடும். எடுத்தவுடன் அது பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் வேகத்தைப் பொறுத்தவரை, இன்றைய கைபேசியோடு இதை ஒப்பிடுவதில் பயனில்லை. காட்சியின் மாறுபாட்டை அளந்து அளந்து லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும் முறை மட்டுமே இதில் உண்டு. வேகமான கட்டவேறுபாட்டு முறை 2013இல் வந்த எக்ஸ்100எஸ் மாடலில்தான் சேர்ந்தது. ஆனாலும் 2013 அக்டோபரில் இந்தப் பழைய மாடலுக்கே ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளின் 2.00 பதிப்பு வெளியானது, அது தானியங்கி ஃபோகஸை ஓரளவு விரைவாக்கியதோடு, கையால் ஃபோகஸ் செய்யும்போது கூர்மையான விளிம்புகளை ஒளிரச் செய்து காட்டும் வசதியையும் தந்தது. டிஸ்ப்/பேக் பொத்தானை அழுத்தியபடி கேமராவை இயக்கினால் தற்போதைய பதிப்பு எண் திரையில் தெரியும். அலமாரியில் தூங்கிய கேமராக்கள் பலவும் முதல் பதிப்பிலேயே இருப்பதுண்டு. அப்படியானால் இந்த ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

அதன் பிறகு தெருவிலும் சந்தையிலும் திருவிழாவிலும் எடுப்பதற்குத் தானியங்கி ஃபோகஸை நம்பாமல், பழைய ஃபிலிம் காலத்துத் தெருப் புகைப்படக்காரர்கள் செய்ததுபோல் தொலைவை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். பக்கவாட்டுச் சுவிட்சைக் கையால் ஃபோகஸ் செய்வதற்கான எம்எஃப் நிலைக்கு நகர்த்துங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையம் மின்வழியில் இயங்குவது. எவ்வளவு திருகினாலும் சோம்பலாகவே நகரும். அதனால் அதைத் திருகிக்கொண்டிராமல், இரண்டரை மீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு பொருளைக் குறிவைத்து, பின்புறமுள்ள ஏஎஃப்எல்/ஏஈஎல் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். எம்எஃப் நிலையிலும் அந்தப் பொத்தான் தானாக ஃபோகஸ் செய்து கொடுத்துவிட்டு அந்தத் தொலைவிலேயே நிற்கும். துளையை எஃப்/8 இல் வைத்தால், வழக்கமான கணக்குப்படி ஏறத்தாழ 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை உள்ள அனைத்தும் ஏற்கத்தக்க கூர்மையோடு வரும். வியூஃபைண்டரில் தெரியும் தொலைவுக்கோடு இதைவிடக் குறுகலான எல்லையைக் காட்டும். அது மிகக் கறாரான அளவுகோலைக் கொண்டு கணக்கிடுவதால் அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இப்படி அமைத்துவிட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் படம் விழுவதற்கும் இடையே காத்திருப்பு என்பதே பெரும்பாலும் இராது. தானியங்கி ஃபோகஸில் மெத்தனமாகத் தோன்றிய அதே கேமரா, இந்த முறையில் விரைவானதாகிவிடும்.

வியூஃபைண்டரில் பார்த்தது ஒன்று, படத்தில் விழுவது வேறொன்று என்பதற்குக் காரணம், ஒளியியல் வியூஃபைண்டர் லென்ஸின் வழியே பார்க்காமல் அதற்கு இடப்புற மேலே உள்ள தனிச் சாளரத்தின் வழியே பார்ப்பதுதான். தொலைவுக் காட்சிகளில் வேறுபாடு பொருட்டாகாது. ஓரிரு மீட்டருக்குள் வந்தால் படத்தின் சட்டகம் நீங்கள் பார்ப்பதிலிருந்து வலமாகவும் கீழாகவும் விலகிவிடும். மெனுவில் திருத்திய ஏஎஃப் (தானியங்கி ஃபோகஸ்) சட்டகத்தை இயக்கினால், அருகிலுள்ள பொருளுக்குக் குறி எங்கே விழும் என்பதை இரண்டாவது சட்டகம் காட்டும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும், படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிச்சட்டகமும் நகர்ந்து திருந்திக்கொள்ளும். எனவே பாதி அழுத்தி, சட்டகம் நகர்ந்து நின்ற பிறகு காட்சியை அமைத்துப் பழகுங்கள். முகத்தை நெருங்கி எடுக்கும்போது முன்புற நெம்புகோலை அசைத்து மின்னணு வியூஃபைண்டருக்கு மாறிவிடுவது அதைவிட எளிது. 80 செ.மீ.க்கும் குறைவான தொலைவில் மேக்ரோ நிலை தேவைப்படும். அங்கே எஃப்/2 இல் லென்ஸ் மென்மையாகவே வரையும் என்பதால் எஃப்/4க்குக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

நிறங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இந்தக் கேமராவை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அது முக்கியமான காரணம். ப்ரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்று தன் ஃபிலிம்களின் பெயரில் நிறுவனம் அமைத்த நிறத்தொகுப்புகளும், மஞ்சள், சிவப்பு, பச்சை ஃபில்டர்களோடு கூடிய கருப்பு-வெள்ளையும் இதில் உள்ளன. மனித முகங்களுக்கு ஆஸ்டியாவையும், கோபுரமும் மேகமும் உள்ள காட்சிகளுக்குச் சிவப்பு ஃபில்டர் கருப்பு-வெள்ளையையும் முயன்று பாருங்கள். ஜேபெக் படங்கள் கணினியில் திருத்தத் தேவையில்லாத அளவுக்கு நிறைவாக வரும். இப்போது பலரும் பகிரும் நிறக் குறிப்புகளில் பல கிளாசிக் குரோம் என்ற நிறத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டவை; இந்த வரிசையில் அது 2014இன் எக்ஸ்100டி மாடலோடுதான் வந்தது, உங்கள் கேமராவில் கிடையாது. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். படங்களின் அளவு ஏ4 தாளில் அச்சிடத் தாராளமாகப் போதும்.

இனி மாற்றுக் கேமராக்களைப் பற்றி. இதே வரிசையில் 2024இல் வந்த ஆறாவது மாடல் 40 மெகாபிக்சலும் அதிர்வுத் தடுப்பும் கொண்டது. குழந்தைகள் ஓடியாடுவதையும் மங்கலான மண்டப நிகழ்ச்சிகளையும் அடிக்கடி எடுப்பவரானால் அதற்குச் செலவிடுவதில் நியாயம் உண்டு. பழைய லைக்காவைப் பொறுத்தவரை நான் எச்சரிக்கவே செய்வேன். 2006இன் எம்8 அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக ஏற்பதால், தனி ஃபில்டர் மாட்டாவிட்டால் கருப்பு நிறச் செயற்கை இழைத் துணிகள் ஊதாச் சாயலில் வரும். 2009இன் எம்9இல் சென்சாரின் மேற்கண்ணாடி அரிக்கப்பட்டுப் புள்ளிகள் தோன்றும் குறை உண்டு. அதற்கு மாற்று சென்சார் தருவதையும் நிறுவனம் நிறுத்திவிட்டது. லைக்கா லென்ஸ்களை ஏற்கும், 2004இல் வந்த எப்சன் ஆர்-டி1 ஷட்டரை நெம்புகோலால் ஏற்றிவிட்டு எடுக்கும் அழகான கேமராதான்; ஆனால் 6.1 மெகாபிக்சல் கொண்ட அதன் முதல் பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. கையில் இருக்கும் எக்ஸ்100 சோதனையில் தேறினால், அதைக் கொடுத்துவிட்டு இவற்றின் தொல்லைகளை விலைக்கு வாங்குவது உசிதமல்ல.

பேட்டரி பத்தாண்டுக்கு மேல் பழையது என்றால் அது சீக்கிரம் தீர்வதில் வியப்பில்லை; என்பி-95 வகையில் புதியவை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிய பேட்டரியிலும் ஏறத்தாழ 300 படங்கள்தான் கிடைக்கும். ஒளியியல் வியூஃபைண்டரை மட்டும் பயன்படுத்திப் பின்திரையை அணைத்துவைத்தால் அது நீடிக்கும். இந்தப் பேட்டரி தலைகீழாகவும் உள்ளே நுழைந்துவிடும் என்பதால், கேமரா இயங்காவிட்டால் முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சார்ஜருக்குள் பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் சிறிய பிளாஸ்டிக் துண்டு எளிதில் தொலைந்துபோகும். மாமாவிடம் கேட்டு அது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கார்டை எப்போதும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்; வேறெங்கோ ஃபார்மேட் செய்த, படங்கள் நிறைந்த கார்டைப் போட்டால் தொடக்கமே தாமதமாகும்.

அலமாரியில் நெடுநாள் இருந்த கேமராவின் லென்ஸில் பூஞ்சை படிந்திருக்கலாம். இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக லென்ஸின் மேல் பாய்ச்சிப் பார்த்தால் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரியும். ஓரத்தில் சிறிதளவு இருந்தால் படத்தில் பாதிப்பு இராது. நடுவில் பரவியிருந்தால் சூரியனை நோக்கி எடுக்கும் படங்கள் புகை மூடியதுபோல் வரும். கழற்ற முடியாத லென்ஸ் என்பதால் அதைச் சுத்தம் செய்வது செலவான வேலை. ஈரப்பதம் மிகுந்த ஊரில் இருந்தால் தோல் உறையிலிருந்து எடுத்துவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஈரப்பதமானி காட்டும் அளவு 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி வையுங்கள். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியையும் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள்.