பெட்டியைத் திறந்து பார்த்த பின் கடைக்குப் போங்கள்
கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். எங்களிடம் இருப்பது யாழ்ப்பாணத்தில் வாங்கிய பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம். கேம் விளையாட அதற்கு ‘ஆர்.ரி.எக்ஸ் 3060’ கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். கணினியின் விலையைவிடக் கார்ட்டின் விலை கூடுதலாக இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தந்தை, கோண்டாவில்

பதில்: இந்தக் கணினிக்கு அந்தக் கார்ட்டை வாங்க வேண்டாம். கார்ட்டில் குறையில்லை, அதற்குத் தேவையான மின்சாரத்தை உங்கள் கணினியால் கொடுக்க இயலாது. மின் வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, பவர் சப்ளையின் மீது ஒட்டியிருக்கும் சிட்டையை வாசியுங்கள். அலுவலகப் பாவனைக்கென்று செய்யப்பட்ட இவ்வகைக் கணினிகளில் பெரும்பாலும் 255 அல்லது 290 வாற்று என்றே இருக்கும். 3060 கார்ட் தனியாகவே 170 வாற்று வரை இழுக்கும் என்பதால், அதற்கு 550 வாற்று பவர் சப்ளையை அதன் தயாரிப்பாளரான என்விடியா நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. கார்ட்டின் விளிம்பிலுள்ள 8 ஊசி இணைப்பில் செருகுவதற்கான வயரும் உங்கள் பெட்டிக்குள் இருக்காது.

“சாட்டா வயரை மாற்றிக் கொடுக்கிற கனெக்டர் இருக்கு அண்ணை, அது காணும்” என்று கடையில் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா இணைப்பு ஒன்று ஏறத்தாழ 54 வாற்றுக்கே அமைக்கப்பட்டது. அதற்கு மேல் இழுக்கும்போது முதலில் உருகுவது அந்தப் பிளாஸ்டிக் முனைதான். பெரிய பவர் சப்ளை ஒன்றை வாங்கிப் பூட்டலாமே என்றால், இந்த டெல் தாய்ப்பலகைகளின் மின் இணைப்பு வழமையான 24 ஊசி அமைப்பில் இல்லாததால் அதற்கும் தனியான மாற்று வயர் தேவைப்படும். இவ்வளவையும் செய்து முடித்தாலும், 2013ஆம் ஆண்டைச் சேர்ந்த உங்கள் ஐ5 செயலி அந்தக் கார்ட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

உங்கள் கணினிக்குப் பொருத்தமானது 2019இல் வெளிவந்த ஜி.ரி.எக்ஸ் 1650. தாய்ப்பலகையில் கார்ட்டைச் செருகும் துளை வழியாகக் கிடைக்கும் 75 வாற்றிலேயே இயங்கக்கூடியது; ஆனால் சில தயாரிப்புகள் தனி மின்வயரும் கேட்பதால், வயர் தேவைப்படாத வகையைப் பார்த்து வாங்க வேண்டும். உங்களுடையது ஒல்லியான பெட்டியாயின் அரை உயரக் கார்ட் மட்டுமே உள்ளே போகும். அதனுடன் நினைவகத்தை 16 ஜிபி ஆக்கிவிட்டால், வலோரன்ற், ஜி.ரி.ஏ 5 போன்றவற்றைத் தம்பி தாராளமாக விளையாடலாம்.

மொனிற்றரின் பின்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். பாவித்த கணினிகளோடு வரும் பழைய மொனிற்றர்கள் பலவற்றில் நீல நிற வி.ஜி.ஏ இணைப்பே முதன்மையானது. இக்காலக் கார்ட்களில் அது கிடையாது. கார்ட்டைப் பூட்டிய பின் படம் வரவில்லையென்று கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போவதற்கு முன்னர், எச்.டி.எம்.ஐயிலிருந்து வி.ஜி.ஏக்கு மாற்றும் சிறிய கருவி ஒன்றை வாங்கினால் போதும்.

கேள்வி: புதிய கணினி ஒன்றைப் பொருத்துகிறேன், 650 வாற்று பவர் சப்ளை, முழு எச்.டி. மொனிற்றர். ஆர்.ரி.எக்ஸ் 3060 கார்ட்டில் நினைவகம் 12 ஜிபி, 4060இல் 8 ஜிபி. ஜிபி கூடியதே நல்லது என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுப்பது?
— மாணவர், சுன்னாகம்

பதில்: கேம் மட்டும்தான் என்றால் 4060. முழு எச்.டி. திரையில் பெரும்பாலான கேம்களில் அதுவே வேகமானது. 115 வாற்றோடு அடங்கியும் விடுகிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மின்விசிறியோடு விளையாடுபவர்களுக்கு இந்த 55 வாற்று வித்தியாசம் அறையின் சூட்டிலேயே தெரியும். யு.பி.எஸ். பாவிப்பவராயின் அதிலும் தெரியும், 650 வி.ஏ என்று எழுதப்பட்டவை பலவும் உண்மையில் 360 வாற்று அளவிலேயே தாங்கும்.

நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அண்மைய பெரிய கேம்கள் சிலவற்றில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி நிரம்பிவிடும். அவ்வேளை சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் படம் விட்டு விட்டுத் துள்ளும். தரத்தை ஒரு படி குறைத்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். முப்பரிமாணப் படங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் பெரிய வேலைகள், காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுப் பரிசோதனைகள் என்று போகிறவராயின் நான் யோசிக்காமல் 12 ஜிபியைச் சொல்வேன். வாங்கும்போது பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் (நினைவகப் பாதையின் அகலம்) என்று இருப்பதை உறுதிசெய்யுங்கள். அதே 3060 பெயரில் 8 ஜிபி, 128 பிட் கார்ட் ஒன்றும் பின்னர் வந்தது, அது வேகம் குறைந்தது.

கேள்வி: முகநூலில் ஒருவர் ஆர்.எக்ஸ் 580, 8 ஜிபி கார்ட்டை மலிவாக விற்கிறார். ஒரு வாரச் செக்கிங் உத்தரவாதமாம். நம்பலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: மலிவுக்குக் காரணம் இருக்கும். 2022 செப்டெம்பரில் எத்தேரியம் என்ற இணைய நாணயத்தைக் கார்ட்களைக் கணக்குப் போட வைத்து ஈட்டும், அதாவது ‘தோண்டும்’ முறை கைவிடப்பட்டதோடு, இரவு பகலாக ஓடிக் களைத்த கார்ட்கள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. 580 அவற்றில் முன்வரிசையில் நின்றது. விசிறியை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், தளர்ந்து ஆடக் கூடாது. நினைவகச் சில்லுகளைச் சுற்றி எண்ணெய் கசிந்திருப்பின் விட்டுவிடுங்கள். பிறகு ஜி.பி.யு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஷேடர் (படத்தைக் கணிக்கும் சிறு அலகுகள்) எண்ணிக்கை 2304 என்று வருகிறதா எனப் பாருங்கள். 2048 என்று வந்தால், பெயர் 580 ஆக இருந்தாலும் உள்ளே இருப்பது அதற்கு ஒரு படி கீழான 570க்குச் சமமான கார்ட். அதற்கேற்ப விலையைப் பேசுங்கள். கடைசியாக அவருடைய கணினியிலேயே பாரமான கேம் ஒன்றை அரை மணித்தியாலம் ஓட விட்டுப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் ஒரு வார உத்தரவாதத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.