தில்லிக் குளிரில் தொட்டிச் செடி, பூனை, பின்னல் ஊசி: கேள்வி பதில்

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும் வரை தில்லித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் மாடித் தொட்டி, வீட்டுப் பூனை, பின்னல் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். பூனைக்கு எந்த மருந்து, எத்தனை சொட்டு என்று மட்டும் கேட்க வேண்டாம். அது கால்நடை மருத்துவரின் வேலை.

ஜனக்புரி: மொட்டை மாடியில் இருக்கும் துளசியின் இலைகள் ஒரே வாரத்தில் கருத்துச் சுருண்டுவிட்டன. பட்டுப்போய்விட்டதா?

இரவு வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போனாலே துளசி தளரத் தொடங்கும்; ஜனவரியில் இங்கே அது 4, 5 டிகிரி வரை இறங்குகிறது. அடித்தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த கதிர்களைக் கிள்ளி, விதையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து வையுங்கள். செடி போனாலும் மார்ச்சில் விதைத்துக்கொள்ளலாம். இருட்டுவதற்கு முன் பழைய பருத்தி வேட்டியால் மூடி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை இலையில் படும்படி போர்த்தினால் உள்ளே கோக்கும் ஈரமே இலையை அழுகச் செய்யும். மாலையில் நீர் ஊற்றாதீர்கள்.

கரோல் பாக்: தொட்டியில் உள்ள கறிவேப்பிலை மஞ்சளாகி உதிர்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன், யூரியாவும் போடுகிறேன். போதாதா?

போதும், போதும், தொல்லையே அதுதான். கறிவேப்பிலை தெற்கத்திச் செடி, வடக்கின் குளிர் அதற்குப் பகை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறோம். ஆனால் இமயமலை அடிவாரக் காடுகளில் அது தானாகவே முளைத்துப் புதராக வளர்கிறது. இங்குள்ள நர்சரிகளில் ‘மீட்டா நீம்’ என்று விற்பதும் அதையேதான். குளிர் மாதங்களில் வளர்ச்சியை நிறுத்திப் பழைய இலைகளை உதிர்ப்பது அதன் இயல்பு. அந்த நிலையில் வேர் மிகக் குறைவான நீரையே உறிஞ்சுவதால், நாம் அன்றாடம் ஊற்றுவது தொட்டியிலேயே தேங்கி, வேர் காற்றின்றி அழுகுகிறது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் பட்டால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். யூரியாவைப் பிப்ரவரி கடைசி வரை மறந்துவிடலாம்.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கீழேயுள்ள பழைய இலை முழுவதும் மஞ்சளாகி விழுந்தால், ஊற்றிய நீர் அதிகமில்லாத வரை, அது குளிர்கால உதிர்வு. நுனிக்கொழுந்தில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஆழ்குழாய்க் கிணற்றின் கடினநீரையே ஊற்றிவந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறிவிடும்; அப்போது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை.

முனிர்க்கா: எங்கள் பூனை கம்பளி நூலை விழுங்கிவிட்டது. இன்று பின்புறத்தில் நூலின் நுனி தெரிகிறது. மெல்ல இழுத்து எடுத்துவிடலாமா?

இழுக்கவே கூடாது. இதைப் படித்து முடிப்பதற்கு முன் கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஒருமுறை நாக்கில் ஒட்டிய நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். மறுமுனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கியிருக்கும். நடுவில் உள்ள குடல் அந்த நூலின் மேல், பாவாடை நாடாவில் துணி சுருங்குவது போலக் கொசுவிக்கொள்ளும். அப்போது நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் குடல் சுவரை அறுத்துவிடும். வாந்தி, உணவு மறுப்பு, மூலையில் போய் ஒடுங்குதல் ஆகியவை எப்போது தொடங்கின என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியும் கோத்திருந்ததா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: பூனை உள்ள வீட்டில் நூலுண்டை மூடியுள்ள டப்பாவில்தான் இருக்க வேண்டும். பூனை நூலுண்டையோடு விளையாடும் படங்கள் அழகானவை, வழிகாட்டிகள் அல்ல.

ஆர்.கே. புரம்: பூனைக்குச் சளி. பாதி பாரசிட்டமால் கொடுத்து, நீலகிரித் தைலம் தடவலாமா?

இரண்டும் கூடாது. பாரசிட்டமாலை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதி மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். தைலத்தை அது நக்கி உட்கொள்ளும்.

மயூர் விகார்: மேலே கறிவேப்பிலைக்குச் சொன்ன பதிலில் புளித்த மோரை ஏன் சொல்லவில்லை? கும்பகோணத்தில் எங்கள் அம்மா வருடம் முழுவதும் மோர் ஊற்றித்தான் மரமாக வளர்த்தார்.

மாமி, கும்பகோணத்தில் ஜனவரி இரவே 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஓய்வதில்லை. ஊற்றிய மோரைச் சிதைத்துச் செடிக்குத் தந்துவிடும். உங்கள் பால்கனித் தொட்டியில் இப்போது அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். மோர் மேலே தயிர்த்தோல் போலப் படிந்து பூஞ்சை பிடிக்கும்.

ரோகிணி: மாமி சொல்வதுதான் சரி. மோரின் புளிப்பு, நீங்களே சொன்ன காரத்தன்மையைக் குறைக்குமே?

குறைக்கும், மேல் மண்ணில், சிறிது காலத்துக்கு. ஆனால் கடினநீரை ஊற்றும் வரை சுண்ணாம்பு மீண்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது அதைவிட நல்லது. ஏ.சி. குழாயில் சொட்டும் நீரும் உப்பற்றதுதான், ஆனால் அது கோடையில்தான் கிடைக்கும்.

மயூர் விகார்: செடி குளிரில் வாடும்போது ஊட்டம் கொடுக்காமல் எப்போது கொடுப்பது? பட்டினி போடச் சொல்கிறீர்களா?

ஆமாம், இரண்டு மாதம் பட்டினிதான் போடச் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் கைப்பக்குவத்தை நான் மறுக்கவில்லை. அவர் தில்லியில் இருந்திருந்தால் தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மோரைத் தாளித்திருப்பார் என்றுதான் சொல்கிறேன்.

பீதம்புரா: எங்கள் துளசியும் கருகிவிட்டது. என்ன செய்வது?

ஜனக்புரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

துவாரகா: கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போட்டேன். குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் குலுக்கலும் சேரும்போது அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பிறகு பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. இனிமேல் பூந்திக்கொட்டையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறிய நீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, கொடியில் தொங்கவிடாமல் பாயில் படுக்க வைத்து உலர்த்துங்கள்.

வாங்கும்போதே கம்பளிதானா என்று தெரிய வேண்டுமானால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் வந்தால் கம்பளி. உருகிக் கடினமான மணியாக இறுகினால் அக்ரிலிக். சுருங்கிய ஸ்வெட்டரை வெட்டிப் பூனைக்கு மெத்தை தைக்கலாம், நூல் முனைகளை உள்ளே மடித்துத் தைத்தால்.

லஜ்பத் நகர்: புத்தாண்டுக்கு வந்த லில்லிப் பூங்கொத்தைப் பூனை முகர்ந்துகொண்டே இருக்கிறது.

பூங்கொத்தை இப்போதே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். ஜாடியில் இருந்த நீரும் நஞ்சு. இதழைக் கடித்திருந்தாலோ முகத்தில் மகரந்தம் தெரிந்தாலோ, நோய்க்குறி வரும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். குளிர்காலத்தில் தள்ளுவண்டிகளில் வரும் கலஞ்சோவும் பூனைக்கு ஆகாது. தொட்டி நிறையப் பூ வேண்டுமென்றால் பெட்டூனியா, பான்ஸி, ஸ்நாப்டிராகன், ரோஜா வையுங்கள்.

வசுந்தரா என்கிளேவ்: அறைக்குள் கரி அங்கீட்டி (கணப்புச் சட்டி) வைத்துக் கதவைச் சாத்தினால் பூனைக்குக் கதகதப்பாக இருக்குமா?

பூனைக்கும் உங்களுக்கும் சேர்த்து உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அங்கீட்டி வேண்டவே வேண்டாம்.

பட்பட்கஞ்ச்: துளசி இலை கருத்து…

ஜனக்புரி. முதல் பதில். தயவுசெய்து.

மயூர் விகார்: சரி, மோரை எப்போது ஊற்றலாம் என்றாவது சொல்லுங்கள்.

ஹோலி கழிந்து புதுத் துளிர் விட்ட பிறகு, ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, மாதம் ஒருமுறை. உப்பும் பெருங்காயமும் போட்ட மோர் வேண்டாம், மாமி.

சரோஜினி நகர்: பேத்திக்கு முதல் ஸ்வெட்டர் பின்னுகிறேன். எந்த எண் ஊசி?

இத்தனை நேரமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நம் கடைகளில் கிடைக்கும் பழைய எண் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்பது 4 மில்லிமீட்டர், 10 என்பது 3.25, 12 என்பது 2.75. மெல்லிய குழந்தை நூலுக்கு உடல் பகுதியை 10-இல் பின்னி, இடுப்புப் பட்டையையும் மணிக்கட்டையும் 12-இல் ஒரு சீதா (நேர்க்கண்ணி), ஒரு உல்டா (எதிர்க்கண்ணி) என்று போட்டால் விளிம்பு தளராது. முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று எண்ணிய பிறகே கண்ணி ஏற்றுங்கள்; ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறு. குழந்தை கழுத்துக்கு நாடா வைக்காதீர்கள், தோளில் பொத்தான் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால், டப்பாவின் மூடி.