வெளிநாட்டில் படிக்கும்போது ஊரிலிருந்து வரும் கடிதங்களையும் பார்சல்களையும் தவறவிடாமல் பெறுவது எப்படி?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்து, முதுநிலைப் படிப்புக்காக இங்கிலாந்தில் ஓராண்டு மாணவர் விடுதியில் தங்கியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, தபாற்காரர் வந்ததேயில்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் (தோட்டத்தின் பிரிவு) எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிடும். மறுநாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் யாராவது பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், அல்லது நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதத்தை அந்த நாள் கடந்தபின் கொடுப்பார்கள். இப்படிப் பழகிய நமக்கு, மாணவர் விடுதியில் அறை எண் விடுபட்டால் முகவரியே இல்லை என்பது எளிதில் உறைப்பதில்லை.

முகவரியைவிட என்னைச் சிக்கவைத்தது பெயர்தான். அம்மா முதற் பார்சலை வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயருக்கு அனுப்பிவிட்டார். விடுதிப் பதிவேட்டில் அப்படியொருவர் இல்லாததால் அது சில நாட்கள் வரவேற்பறை அலுமாரியில் கிடந்து, பின்னர் பொகவந்தலாவைக்கே திரும்பிப் போனது. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முன்னால் இருப்பதால், பல்கலைக்கழகத்திலும் தந்தையின் பெயராலேயே நாம் அறியப்படக்கூடும். அது எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், மாணவர் அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். நான் பெயர், அறை எண், கட்டடம், வீதி, நகரம், அஞ்சற் குறியீடு, கைப்பேசி எண் ஆகியவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தங்கை அதை அச்சிட்டு ஒட்டினாள். அதன்பின் ஒன்றும் தவறவில்லை.

அடுத்தது சுங்கப் படிவம். பொருள் அடங்கிய பன்னாட்டுப் பொதிகளின் விவரம் 2021 முதல் மின்னணு முறையில் முன்கூட்டியே போக வேண்டும் என்பதால், 'உணவுப் பொருட்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'தேயிலைத்தூள் 500 கிராம், மிளகாய்த்தூள் 250 கிராம்' என்று பிரித்தெழுதி, ஒவ்வொன்றின் பெறுமதியையும் உண்மையாகக் குறிப்பது நல்லது. தனிநபர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுணுக்கு மேற்படாவிட்டால் பிரித்தானியாவில் இறக்குமதி வரி இல்லை. மேற்பட்டால் வரியோடு கையாளுகைக் கட்டணமும் சேரும். இறைச்சி, பாற்கோவா, பச்சைக் கறிவேப்பிலை மூன்றையும் அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் வைக்க விடாதீர்கள்.

தனியார் கூரியரில் அனுப்புவதானால் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்றிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண், தராசு காட்டும் கிலோவைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்கே பணம் கேட்பார்கள். நுவரெலியாவில் வாங்கிய கம்பளியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிய மாமா, அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு கம்பளி வாங்கியிருக்கலாம் என்று இப்போதும் சொல்கிறார்.

கடிதங்களில் வங்கிக் கடிதம்தான் முக்கியம். அட்டையும் இரகசிய எண்ணும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில், தனித்தனி உறைகளில் வருவதால், பொதுக் கடிதப் பெட்டியை அந்த வாரம் தினமும் பாருங்கள். அறையைக் காலி செய்ய இரண்டு மாதம் இருக்கும்போதே வங்கியில் முகவரியை மாற்றி, இனி எதையும் அனுப்ப வேண்டாமென்று ஊருக்கும் சொல்லிவிடுங்கள்.