தினமும் ஒரு மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வயது 36. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலையில் கண்விழித்ததும் அடுக்குத் தும்மல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, பிறகு பகல் முழுவதும் மூக்கடைப்பு. சென்ற மாதம் காது மூக்கு தொண்டை மருத்துவர் பரிசோதனை செய்து, தூசி உண்ணியும் மகரந்தமும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காலையில் ஸ்ப்ரே, இரவில் ஒரு மாத்திரை. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "வாழ்நாள் முழுவதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தச் சொல்லிலிருந்து என்னால் மீள முடியவில்லை. பத்து நாள் நன்றாக இருந்தால் மருந்தை நிறுத்திவிடுகிறேன். சில நாளில் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த வயதிலேயே மருந்துக்கு அடிமையாகாதே என்று வீட்டில் சொல்கிறார்கள். புத்தகத் தூசியால் வந்தது, வேலையை விட்டுவிடு என்கிறார்கள். உங்களுக்கும் இதே தொல்லை உண்டு என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

23 ஆண்டுகளாக நான் இந்த மருந்துகளோடு வாழ்கிறேன். அவற்றில் முதல் ஆறேழு ஆண்டுகள், இன்று நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். தும்மல் இல்லாத ஒரு வாரம் கிடைத்தால் நோய் போய்விட்டது என்று நம்பி மாத்திரை அட்டையை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிடுவேன். அந்த ஒரு வாரத்தைக் கொடுத்ததே அந்த மருந்துதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு முறை நோய் திரும்பியபோதும் தோற்றுப்போனதாகவே உணர்ந்தேன். ஆண்டுக்கு ஐந்தாறு முறை புதிதாகத் துக்கம் கொண்டாடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நிறுத்தித் தொடங்கும் பழக்கத்துக்கு இன்னொரு நட்டமும் உண்டு. நீங்கள் பயன்படுத்துவது ஸ்டீராய்டு ஸ்ப்ரேயாகத்தான் இருக்கும். அது அடித்த உடனே முழுமையாக வேலை செய்வதில்லை; மூக்கின் உட்சவ்வில் உள்ள வீக்கத்தை நாளுக்கு நாள் கொஞ்சமாகத் தணித்து, முழுப் பலனைத் தர ஓரிரு வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. பத்தாம் நாள் நிறுத்துகிறவர் பெரும்பாலும் அதன் முழுப் பலனைப் பார்ப்பதில்லை.

அடிமை என்ற சொல்லைப் பற்றி எனக்கு நேரடியாகவே தெரியும். ஒருமுறை மூக்கடைப்பு தாங்காமல், யாரையும் கேட்காமல் மருந்துக்கடையில் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் மூக்கு திறந்தது. எட்டு மாதம் அதை விடவில்லை. இரவு மூன்று மணிக்கு, விளக்குப் போடாமலே, கை தானாகத் தலையணைக்கு அடியில் புட்டியைத் தேடும். அந்த வகைச் சொட்டு மருந்தைச் சில நாள்களுக்கு மேல் போட்டால், அதன் வேகம் தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மறுபடி போடத் தோன்றும். அதுதான் அடிமைத்தனம். மருத்துவர் உங்களுக்குத் தந்த ஸ்ப்ரே அந்தச் சுழலை உண்டாக்குவதில்லை. அது பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடுகிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது உங்கள்மீதுள்ள அன்பினால்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சிட்டிரிசின், லீவோசிட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரைகளை நீண்டகாலம் தினமும் எடுத்துவிட்டு நிறுத்தும் சிலருக்கு, அரிதாக, கடுமையான அரிப்பு வருவதாக 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இதே தொல்லைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான மாண்டெலுகாஸ்ட் மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதற்கான மிகக் கடுமையான எச்சரிக்கையை 2020-இல் அதே நிர்வாகம் மருந்து உறையில் சேர்க்கச் செய்தது. உங்கள் மாத்திரையில் எது இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் சென்று, இது இன்னும் வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நான் ஒவ்வொரு தை மாதமும் கேட்கிறேன். இருமுறை குறைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் என்று மருத்துவர் சொன்னதை, இடையில் நிறுத்தாதீர்கள் என்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வாமை ஊசி அல்லது நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்றும் அவரிடம் விசாரியுங்கள். ஒத்துக்கொள்ளாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை முறை அது; 1911-இல் லண்டனில் லெனார்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தை ஊசியில் வைத்துத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்து ஆண்டு பொறுமை வேண்டும்.

வேலையை விடுவது பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பழைய புத்தகங்களின் தூசியும் பூஞ்சையும் தும்மலைத் தூண்டும். அவற்றைத் தட்டும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். ஆனால் உங்களுக்குத் தும்மல் வருவது கண்விழித்ததும் அல்லவா? ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத தூசி உண்ணி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று, தலையணையிலும் மெத்தையிலும்தான் பெருகுகிறது. இரவு முழுவதும் உங்கள் மூக்கு அதன்மீதுதான் கிடக்கிறது. தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் மருத்துவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1819-இல், தன் 46-ஆவது வயதில், எட்டு வயது முதல் ஒவ்வொரு கோடையிலும் தனக்கு வரும் கண்ணரிப்பையும் தும்மலையும் மூச்சுத்திணறலையும் மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். ரத்தம் இறக்கிப் பார்த்தார். அபின், பாதரசம், குளிர்ந்த நீர்க் குளியல் என எல்லாம் செய்து பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. மகரந்தமே காரணம் என்பதை மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி தன் உடலிலேயே சோதித்து 1873-இல் எழுதியபோது பாஸ்டாக் உயிரோடு இல்லை. அவருக்குக் கிடைக்காத ஒன்று என் பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நன்றி தோன்றுகிறது.

எப்படி ஏற்றுக்கொண்டேன் என்று கேட்டீர்கள். யோசித்துத் தெளிந்து ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு மருத்துவர் வற்புறுத்தியதால் இரண்டு மாதம் ஒரு நாளும் தவறாமல் ஸ்ப்ரே அடித்தேன். ஒரு காலையில் எழுத்து மேசையில் இருந்தபோது, சமையலறையில் என் மனைவி எண்ணெயில் பெருங்காயக் கட்டியைப் பொரிக்கும் வாசனை வந்தது. எத்தனை ஆண்டுக்குப் பிறகு என்று எண்ணிப் பார்க்க முடியவில்லை. எழுந்துபோய் அடுப்பருகே நின்றுகொண்டேன். மருந்தில்லாமல் இருப்பவன்தான் அசலான நான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஆளுக்குப் பெருங்காயத்தின் வாசனைகூடத் தெரியாது. அதன் பிறகு மாத்திரை அட்டையை ஒளித்து வைத்ததில்லை.

ஸ்ப்ரே அடிக்கும்போது தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலக்கையால் இட மூக்கிலும் இடக்கையால் வல மூக்கிலும் அடியுங்கள். முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். அப்போது ரத்தம் கசிவது குறையும். பலமாக உறிஞ்ச வேண்டாம்.

பழைய புத்தகத்தைத் திறக்கும்போது எழும் மணம் உங்களுக்கு இப்போது எட்டுகிறதா? இரண்டு மாதம் விடாமல் எடுத்துக்கொண்ட பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.