பாரிஸ் நீதிமன்ற மாளிகைக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற வழக்கறிஞரான என் தந்தையுடன் செப்டம்பரில் பாரிஸ் செல்கிறேன். சேன் ஆற்றின் நடுத்தீவில் உள்ள பழைய நீதிமன்றத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு வழக்கின் விசாரணையில் சிறிது நேரம் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 'நீதி மாளிகை: வரிசையில் நிற்காமல் நுழைவு' என்று ஓர் இணையதளம் ஆளுக்கு 45 ஐரோ கேட்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த நீதிமன்றத்துக்குள் நுழைவதற்குக் கட்டணமே கிடையாது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை. ஆகவே வார நாள்களில் எவரும், வெளிநாட்டவரும்கூட, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே சென்று பார்வையாளர் இருக்கையில் அமரலாம்.

உங்களிடம் பணம் கேட்பவர்கள் ஒரு குழப்பத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். ஒரே வளாகத்துக்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன. 1248இல் அர்ப்பணிக்கப்பட்ட சேந்த் ஷப்பேல் தேவாலயத்துக்கும், 1793இல் அரசி மரி அந்துவானெத் சிறைவைக்கப்பட்ட கொன்சியெர்ஜெரிக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. அவற்றைத் தேசிய நினைவுச்சின்ன மையம் நிர்வகிக்கிறது. நீதிமன்றமோ நீதித்துறையின் பொறுப்பில் உள்ளது, அதற்குச் சீட்டு இல்லை. தேவாலயத்தின் சீட்டையே மாளிகையின் பெயரைச் சொல்லி விலையேற்றி விற்பதுதான் இந்த வியாபாரம். 'வரிசையில் நிற்காமல்' என்பதும் வெறும் வார்த்தை. தேவாலயம் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே செல்பவர்களின் பைகளும் சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனை வரிசையைத் தவிர்க்கும் வசதியை எவராலும் விற்க முடியாது. மிச்சமாவது சீட்டு வாங்கும் வரிசை மட்டுமே; அதிகாரபூர்வத் தளத்தில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்தால் அதுவும் தானாகவே மிச்சமாகிறது. எந்த வாசல் எதற்கு, எதற்குக் கட்டணம், எதற்கு இல்லை என்பதை வெளியூர்க்காரருக்குப் புரியும்படி இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து ஒரே இடத்தில் எழுதிவைத்தால் இந்த இடைத்தரகர்கள் நாளைக்கே கடையை மூட வேண்டியிருக்கும். இத்தனை ஆண்டுகளாக அதை ஏன் செய்யவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. வாசலருகே தம்மை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் அரசு வழங்கும் தொழில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். முதல்நிலை நீதிமன்றம் 2018இல் நகரின் வடமேற்கே, பாத்தினோல் பகுதியில் ரென்சோ பியானோ வடிவமைத்த உயர்ந்த கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. டாக்சி ஓட்டுநரிடம் 'நீதிமன்றம்' என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடக்கூடும். மெட்ரோவின் நான்காம் தடத்தில் 'சித்தே' நிலையத்தில் இறங்குவதே பாதுகாப்பானது. பழைய மாளிகையில் இப்போது இருப்பவை மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான கூர் தெ கசாசியோனும்தான். பின்னதில் பெரும்பாலான வேலை எழுத்து மூலமாகவே நடப்பதால், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குற்றவியல் அமர்வு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கதவில் 'ஊய் குளோ' என்று எழுதியிருந்தால் அது மூடிய விசாரணை. அடுத்த அறைக்குச் செல்லுங்கள்.

புகைப்படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். விசாரணை தொடங்கிய பிறகு ஒலியோ படமோ பதிவுசெய்வதை 1954 முதலே சட்டம் தடைசெய்கிறது. மீறினால் 4,500 ஐரோ வரை அபராதம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. விசாரணை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து, அமர்வுக்குத் தலைமை வகிக்கும் நீதிபதி அனுமதித்து, அரசுத் தரப்பும் வழக்கின் தரப்பினரும் அல்லது அவர்களுடைய வழக்கறிஞர்களும் ஒப்புக்கொண்டால், வாதம் ஆரம்பிக்கும் முன்னர் படம் எடுக்கலாம். 'வாதம் இன்னும் தொடங்கவில்லையே, ஒரே ஒரு படம்தானே' என்று எண்ணிக் கைப்பேசியை உயர்த்துவது இந்த விலக்கில் சேராது. விண்ணப்பம், அனுமதி, ஒப்புதல் ஆகிய மூன்றும் வேண்டும். சுற்றுலாப் பயணி ஒருவருக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் தந்தையார் சட்டம் படித்தவர் என்பதால் இந்த விலக்கைச் சுட்டிக்காட்டி வாதிட விரும்பலாம், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுவதே நல்லது.

'சால் தே பா பெர்த்யூ' என்னும் பெருங்கூடத்துக்கு அவரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். 1618இலும் 1871இலும் தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்ட கூடம் அது. பதினாறாம் லூயி மன்னருக்காக வாதாடி, பின்னர் 1794இல் தாமும் கில்லட்டினுக்குப் பலியான மால்ஸெர்பின் நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. பெரிய வழக்குகள் நடக்கும் நாள்களில் சில பகுதிகளை அடைத்துவிடுவார்கள் என்பதால், கூடத்தை முதலில் பார்த்துவிட்டு அமர்வுக்குச் செல்லுங்கள். பிற்பகல் குற்றவியல் அமர்வுகள் பெரும்பாலும் ஒன்றரை மணிக்குத் தொடங்கும். பையில் கத்தரிக்கோலோ பேனாக்கத்தியோ இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

விசாரணை முழுவதும் பிரெஞ்சு மொழியில்தான் நடக்கும், பார்வையாளருக்கு மொழிபெயர்ப்பு இல்லை. ஆனால் வழக்கறிஞர்களின் கறுப்பு அங்கியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: இடது தோளில் தொங்கும் பட்டையின் நுனியில் வெள்ளை ரோமம் இருந்தால் அவர் வெளியூர் வழக்கறிஞர், இல்லையென்றால் பாரிஸ்காரர்.