ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லையே!
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவருக்கு வயது 41. ஜெபிக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லி வசனம் இருக்கே, ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்கிறார்கள். எனக்கு வாயே வரவில்லை. ஆலயத்தில் பாட்டு ஆரம்பித்தாலே அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரி)

பதில்: போகவில்லை அம்மா. போயிருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும் போயிருக்க மாட்டீர்கள்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்ற வசனத்தை அடக்க ஆராதனையில் கேட்டிருப்பீர்கள். அது யோபு முதல் அதிகாரம், 21ஆம் வசனம். பிள்ளைகள் பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்தவன், சால்வையைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்து சொன்ன வார்த்தை. நாம் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால் யோபின் புத்தகத்தில் மொத்தம் 42 அதிகாரம் இருக்கிறது. மூன்றாம் அதிகாரத்திலேயே அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அப்புறம் பக்கம் பக்கமாகக் கேள்வி, வழக்கு, கண்ணீர். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். அழுது புலம்பின யோபை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து அழகாகப் பிரசங்கம் பண்ணின சிநேகிதர்களைத்தான். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல" நீங்கள் என்னைக்குறித்துப் பேசவில்லை என்று அவர்களிடம் சொல்கிறார். அந்தச் சிநேகிதர்கள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். உங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் ரொம்ப நல்லது.

என் தம்பி 19 வயதில் இறந்தபோது என் அம்மா பல மாதம் ஆலயத்தில் பாடவே இல்லை. எழுந்து நிற்பார்கள், பாமாலைப் புத்தகத்தைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்கள், உதடு மட்டும் அசையாது. பக்கத்தில் எப்போதும் உட்காரும் ஓர் அக்கா, "பாடுங்க" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அம்மாவின் புத்தகத்தில் வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே பாடுவார்கள். அம்மாவின் கண் அந்த விரலோடு போய்க்கொண்டிருக்கும். சபை என்று ஒன்று இருப்பது இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். நம்மால் பாட முடியாத நாளில் பக்கத்தில் இருக்கிறவர்கள் நமக்காகவும் சேர்த்துப் பாடுகிறார்கள், அந்தத் துதியில் நமக்கும் பங்கு உண்டு.

சரி, வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்லும் அந்த வசனத்துக்கு, 1 தெசலோனிக்கேயர் 5:18க்கு வருவோம். "எல்லாவற்றிலேயும்" என்று பவுல் எழுதுகிறார், அதாவது எந்த நிலைமையின் நடுவிலும். எபேசியர் 5:20ல் "எல்லாவற்றிற்காகவும்" என்று இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் ஆண்டவர் இயேசுவே என்ன செய்தார்? அந்தச் சாவுக்கு ஸ்தோத்திரம் என்றா சொன்னார்? யோவான் 11:35ல் கண்ணீர் விடுகிறார். 41ஆம் வசனத்தில், "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அழுத கண்ணைத்தான் அவர் ஏறெடுக்கிறார். அழுததிலிருந்து ஆறாவது வசனத்தில் ஸ்தோத்திரம். உங்களுக்கு அது ஆறு மாதமாகலாம், ஆறு வருஷமும் ஆகலாம். அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

இந்த வாரம் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், ஆறு வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆரம்பித்து, கர்த்தரைப் பாடுவேன் என்று முடியும். அந்தக் கடைசி வசனத்துக்குப் போக முடியவில்லையென்றால் முதல் வசனத்திலேயே நில்லுங்கள். அதுவும் வராவிட்டால் 88ஆம் சங்கீதம். ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதையும் தேவஜனங்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

கேள்வி: பவுலும் சீலாவும் துதித்தபோது சிறைக்கதவு திறந்தது. நான் மூன்று வருஷமாகத் துதித்துக்கொண்டுதான் இருக்கிறேன், என் முதுகுவலி தீரவில்லை. என் துதியில் என்ன குறை?

பதில்: குறை ஒன்றும் இல்லை ஐயா. அப்போஸ்தலர் 16ஐ இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். நடுராத்திரியில் அவர்கள் ஜெபம்பண்ணிப் பாடினது கதவு திறக்க அல்ல. திறந்த பிறகும் அவர்கள் வெளியே போகவில்லையே, "நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்" என்று பவுல் சிறைச்சாலைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்கிறார். தூதனே வந்து பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த 12ஆம் அதிகாரத்தில்தான், இன்னொரு அப்போஸ்தலனான யாக்கோபு பட்டயத்தால் கொலை செய்யப்பட்டதும் இருக்கிறது. துதியைச் சாவி மாதிரிப் பிரசங்கிக்கிறவர்கள் உங்களைப் போன்றவர்கள் மேல் இன்னொரு பாரத்தைத்தான் ஏற்றிவைக்கிறார்கள், எனக்கு அதில் கோபமே உண்டு.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951ல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில்தான். அந்த அறையிலிருந்து புத்தகங்கள் எழுதினார், தன்னைப் போலப் படுத்திருக்கிற நோயாளிகளுக்கென்றே எழுதினார். கதவு திறக்கவில்லை, துதியும் நிற்கவில்லை. நீங்கள் நல்ல டாக்டரையும் பாருங்கள், மருந்தையும் விடாதீர்கள், ஜெபத்தையும் விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. என்னோடு படித்த நண்பன் இன்னும் அலைகிறான், ஒரே ஆலயம்தான் இருவருக்கும். அவன் முன்னால் சாட்சி சொல்லவும் ஸ்தோத்திரக் காணிக்கை போடவும் கூச்சமாக இருக்கிறது. அமைதியாக இருந்துவிடலாமா?

பதில்: இருக்க வேண்டாம் தம்பி. கஷ்டத்தில் ஆண்டவரைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். சாப்பிட்டுத் திருப்தியான பிறகு அவரை ஸ்தோத்திரிப்பதுதான் கடினம் என்று உபாகமம் 8ஆம் அதிகாரமே எச்சரிக்கிறது. இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்தது ஒருவன்தான். ஆகவே சாட்சி சொல்லுங்கள், சந்தோஷத்தை மறைக்காதீர்கள். ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள். சம்பளக் கணக்கு வேண்டாம், "நான் உபவாசம் இருந்தேன், அதனால் கிடைத்தது" என்ற பேச்சும் வேண்டாம். உபவாசம் இருந்தும் கிடைக்காதவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆராதனை முடிந்ததும் நேராக அவனிடம் போங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவன் பயோடேட்டாவைக் கேட்டு வாங்கி, திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்தில் கொடுங்கள்.